சூரியனுக்கு எதிரே ஒரு வீடு

வாஷிங்டனில் உள்ள தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தில் கூட்டம் மொய்ப்பது இரண்டு இடங்களில்: ரைட் சகோதரர்களின் விமானம், கையால் தொட்டுப் பார்க்க வைத்திருக்கும் நிலாக் கல். ராக்கெட்டுகள் நிறுத்தியிருக்கும் கூடத்துக்கு வந்தால் நெரிசல் கொஞ்சம் குறையும். அங்கேதான் கூரையைத் தொடுகிற உயரத்துக்கு நிற்கிறது ஸ்கைலாப் விண்வெளி நிலையம். சீரமைப்புப் பணிக்காக அருங்காட்சியகத்தின் கூடங்களை ஒவ்வொன்றாக மூடத் தொடங்குவதற்கு முன்பு, மேரிலாந்தில் மகள் வீட்டுக்கு வந்திருந்த பெரியப்பாவோடு அங்கே போயிருந்தேன்.

அவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, இதுதானே நம்ம தலையில விழப் போகுதுன்னு சொன்னாங்க?"

1979 ஜூலையை அறிந்தவர்களுக்கு ஸ்கைலாப் என்றால் அந்தப் பீதிதான் நினைவுக்கு வரும். எங்கே விழும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ரேடியோவில் செய்தி போடும்போதெல்லாம் டீக்கடை நிறைந்துவிடும். பெரியப்பாவின் ஊரில் ஒருத்தர், 'போற உசிருக்கு எதுக்குச் சேர்த்து வைக்கணும்' என்று வீட்டுக் கோழிகளையெல்லாம் அடித்துக் குழம்பு வைத்துவிட்டாராம். அவர் அதற்கப்புறமும் பல வருஷம் நன்றாக இருந்தார் என்று சொல்லிச் சிரித்தார் பெரியப்பா.

விழுந்தது இது இல்லை, இதன் இரட்டை. முதலாவதற்கு ஏதாவது ஆனால் இருக்கட்டும் என்று கூடவே கட்டிவைத்த மாற்றுக் கலம் இது. இதை ஏவப் பணம் ஒதுக்கப்படவில்லை. 1975-இல் நாசா இதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டது. 1976-இல் அருங்காட்சியகக் கட்டடம் திறந்தபோதே இதுவும் பார்வைக்கு வந்தது. பார்வையாளர்கள் உள்ளே புகுந்து போவதற்காகப் பக்கவாட்டில் வழி வெட்டியிருக்கிறார்கள். ஆக, நாங்கள் பார்க்கப் போனது பயிற்சிக்கான மாதிரியல்ல. பறப்பதற்காகவே கட்டிய அசல்.

ஸ்கைலாப் எப்படி விழுந்தது என்று கதை கதையாகச் சொல்லும் நமக்கு, அது எதற்காக மேலே போனது என்பது அவ்வளவாகத் தெரியாது. மனித உடல் எடையின்மையை எப்படித் தாங்குகிறது என்று பார்ப்பது ஒரு வேலை. பூமியைப் படமெடுப்பது இன்னொன்று. ஆனால் அதன் உச்சியில் இருந்தது சுமார் 11 டன் எடையுள்ள ஒரு சூரிய ஆய்வகம். மனிதர்கள் குடியிருந்துகொண்டே இயக்கிய ஆய்வகம். இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். தொலைநோக்கிக்கு அசைவு ஆகாது, தூசு ஆகாது. மனிதர்கள் இருக்கும் இடத்தில் இந்த இரண்டுக்கும் பஞ்சமே இருக்காது. அப்படியிருக்க மூன்று பேரை ஏன் கூடவே அனுப்பினார்கள்?

எரிபொருள் தொட்டிக்குள் குடித்தனம்

இரண்டாம் மாடியிலிருந்து உள்ளே நுழைய வேண்டும். வழி குறுகல். இரு பக்கமும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தடுப்பு. முன்னால் போகிறவர் நின்றால் பின்னால் வருகிறவர்களும் நிற்க வேண்டியதுதான். அதுவும் நல்லதாகப் போயிற்று, நிதானமாகப் பார்க்க முடிந்தது.

இந்த உருளை முதலில் வீடாக வடிவமைக்கப்பட்டதே அல்ல. நிலாவுக்கு ஆட்களை அனுப்பிய சாட்டர்ன் ராக்கெட்டில் எஸ்-4பி என்று ஓர் அடுக்கு உண்டு. அதன் திரவ ஹைட்ரஜன் தொட்டிதான் இது. விட்டம் சுமார் 6.7 மீட்டர். முதலில் போட்ட திட்டம் இன்னும் துணிச்சலானது. எரிபொருள் நிரப்பிய தொட்டியாகவே ஏவி, மேலே போவதற்குள் எரிபொருள் தீர்ந்ததும் காலித் தொட்டிக்குள் விண்வெளி வீரர்கள் புகுந்து வீடாக்கிக்கொள்வது. சூரியத் தொலைநோக்கி, நிலாவில் இறங்கும் கலத்தைத் திருத்தி அமைத்த வண்டி ஒன்றில் தனியாக வந்து சேர்ந்துகொள்ளும். 1969 ஜூலையில், ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலாவில் இறங்கிய அதே மாதத்தில், இந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். தரையிலேயே எல்லாவற்றையும் பொருத்தி, தொலைநோக்கியையும் தலையில் ஏற்றி, சாட்டர்ன் 5 ராக்கெட்டில் ஒரே மூட்டையாக அனுப்புவது என்று முடிவானது.

காலுக்குக் கீழே தரை இல்லை. முக்கோண ஓட்டைகள் நிறைந்த உலோகச் சட்டம்தான் இருக்கிறது. எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுக் கடந்து போகிறார்கள். நான் கொஞ்சம் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு முக்கோணமும் ஒரே அளவு, ஓரங்கள் மழுங்கலாக. வீரர்களின் காலணி அடியில் அதே முக்கோண வடிவில் ஒரு கட்டை இருக்கும். அதை ஓட்டைக்குள் விட்டுக் கொஞ்சம் திருப்பினால் கால் பூட்டிக்கொள்ளும். எடையில்லாத இடத்தில் ஸ்பேனரைத் திருகினால் ஸ்பேனருக்குப் பதில் ஆள்தான் சுற்றுவார். அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

சாப்பாட்டு மேசையும் முக்கோணம்தான். மூன்று பேர், ஆளுக்கொரு பக்கம், தலைமாடு கால்மாடு என்ற பேச்சே இல்லை. உணவைச் சூடாக்கும் தட்டுகள் மேசையிலேயே பதித்திருக்கின்றன. உறைபெட்டியில் இறைச்சித் துண்டும் ஐஸ்கிரீமும் இருந்தன. மேசைக்குப் பக்கத்தில் வட்டச் சன்னல். பூமியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட ஒரு சன்னல் வேண்டும் என்று வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி வற்புறுத்தியதால் வந்தது அது. படுக்கை அறைகள் மூன்று, உறங்கும் பைகள் சுவரோடு செங்குத்தாகக் கட்டியபடி. ஓரமாக உடற்பயிற்சி சைக்கிள். தரையிலிருந்து மேலே இழுத்து மாட்டிக்கொள்ளும் துணிக் கூண்டுக்குள் சுமார் மூன்று லிட்டர் தண்ணீரில் குளியல். மிதக்கும் நீர்த்துளிகளையெல்லாம் உறிஞ்சு குழாயால் பிடித்து முடிப்பதற்குள் குளித்ததே போதும் என்று ஆகிவிடும்.

"கக்கூஸ்?" என்றார் பெரியப்பா. சுவரில் பொருத்தியிருந்ததைக் காட்டினேன். மலத்தை உலர்த்திப் பையில் போட்டு, மருத்துவ ஆய்வுக்காகப் பூமிக்கே கொண்டுவந்தார்கள் என்றேன். "அங்கேயும் சாம்பிளா!" என்றார்.

அண்ணாந்து பார்த்தால் மேல்தளத்தின் விசாலம் தெரிகிறது. அங்கே வட்டமாகத் தண்ணீர்த் தொட்டிகளும் பெட்டகங்களும் இருக்கும். முதல் குழுவினர் அந்த வளையத்தின் மேல் ஓடிப் பயிற்சி செய்த படச்சுருளை இப்போதும் பார்க்கலாம். மூன்று ஆட்கள் உள்ளே ஓடும்போது வெளியே தொலைநோக்கி என்ன ஆகும்? ஸ்கைலாபின் கருவிகள் சூரியனை 2.5 வில்விநாடித் துல்லியத்தில் குறிவைக்க வேண்டியிருந்தது. பூமியிலிருந்து பார்க்கும் சூரிய வட்டத்தை எழுநூறு கூறுக்கு மேல் போட்டால் வரும் ஒரு கூறு அது. மொத்தக் கலத்தையும் நிலையாக வைத்திருக்க மூன்று பெரிய சுழல் சக்கரங்கள் இருந்தன. அது போதாதென்று, கருவிகள் அடங்கிய உருளையைக் கலத்தோடு இறுக்கிவிடாமல், கொஞ்சம் அசைந்து கொடுக்கும் தாங்கிகளில் தொங்கவிட்டார்கள். உள்ளே ஒருவர் சுவரில் உந்தி மிதந்தால் அந்த அதிர்வு கருவியைச் சேரும்முன் அங்கேயே தணிந்துவிடும். மனிதர்கள் இருப்பதற்கான விலையின் முதல் தவணை இது.

63-ஆவது விநாடி

1973 மே 14. ஸ்கைலாப் ஆளில்லாமல் புளோரிடாவிலிருந்து கிளம்பியது. 63 விநாடி ஆனபோது, விண்கல் துகள்களும் வெயிலும் தாக்காமல் காக்க உருளையைச் சுற்றிப் போர்த்தியிருந்த தகடு காற்றின் வேகத்தில் பிய்ந்தது. பிய்ந்தது ஒரு பக்கத்துச் சூரிய மின்தகட்டையும் கொண்டுபோனது. எதிர்ப் பக்கத்துத் தகட்டை ஓர் உலோகப் பட்டை சுற்றிக்கொண்டு விரிய விடவில்லை. சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்த வீட்டில் மின்சாரமும் போதவில்லை, நிழலும் இல்லை. உள்ளே வெப்பம் 50 டிகிரியைத் தாண்டியது.

அப்போது கலத்தை உயிரோடு வைத்திருந்தது சூரியத் தொலைநோக்கிதான். அதற்கென்று தனியாக நான்கு மின்தகடுகள் காற்றாடி இறக்கை வடிவில் இருந்தன. அவை சேதமில்லாமல் விரிந்திருந்தன. அந்த மின்சாரத்தில்தான் ஸ்கைலாப் பதினொரு நாளைத் தள்ளியது.

மே 25-ஆம் தேதி முதல் குழுவினரான பீட் கான்ராட், ஜோசஃப் கெர்வின், பால் வைட்ஸ் மூவரும் கிளம்பினார்கள். கருவிகளை வெளியே நீட்டுவதற்கென்று சுவரில் வைத்திருந்த சிறு துளை வழியாக மடித்த குடையைத் தள்ளி, வெளியே விரித்தார்கள். உள்ளே சூடு இறங்கியது. ஜூன் 7 அன்று கான்ராடும் கெர்வினும் வெளியே போய், நீண்ட கம்பின் முனையில் கட்டிய வெட்டுக்கத்தரியால் அந்த உலோகப் பட்டையை அறுத்து, மின்தகட்டை இழுத்து விடுவித்தார்கள். இந்தக் கதையைச் சொல்லி முடித்தபோது பெரியப்பா வேறு மாதிரி ஆகிவிட்டார். அதுவரை வேடிக்கை பார்க்க வந்தவர், அதற்கு மேல் விவரம் கேட்கத் தொடங்கினார். கம்பு எவ்வளவு நீளம், எதில் காலை ஊன்றினார்கள், பட்டை அறுந்தவுடன் தகடு துள்ளியிருக்குமே என்று. துள்ளியது, இரண்டு பேரையும் தூக்கி எறிந்தது, கட்டியிருந்த கயிறுதான் காப்பாற்றியது.

உச்சியில் இருந்தது

தொலைநோக்கிப் பகுதியைப் பார்க்க இன்னோர் இடத்துக்குப் போக வேண்டும். நாங்களும் போனோம். டல்லஸ் விமான நிலையத்தை ஒட்டி, வர்ஜீனியாவில், இதே அருங்காட்சியகத்தின் இன்னொரு வளாகம் இருக்கிறது: உத்வார்-ஹேஸி மையம். கான்கார்டு, பிளாக்பேர்டு, ஹிரோஷிமாவில் குண்டு போட்ட எனோலா கே விமானங்கள் எல்லாம் அங்கேதான். விண்வெளிக் கூடத்தின் நடுவில் டிஸ்கவரி விண்ணோடம் நிற்கிறது. அதைப் படமெடுத்துக்கொள்ளும் கூட்டத்தில் பெரும்பாலோர், ஸ்கைலாப் தொலைநோக்கியின் முதுகெலும்பு நிற்கும் பக்கம் திரும்புவதில்லை.

பார்த்தவுடன் தொலைநோக்கி என்று தோன்றாது. குறுக்குவெட்டில் சிலுவை வடிவத்தில் ஓர் ஆளைவிட உயரமான உலோகத் தண்டு. அது நான்கு மூலைகளை உண்டாக்குகிறது. அந்த மூலைகளில் நீள நீளமான கருவிகள் தண்டோடு ஒட்டி நிற்கின்றன. பறந்த கலத்தில் இதன் மேல் உருளை வடிவ உறை மூடியிருக்கும். உறையின் மேல்முகத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கதவு, சூரியனைப் பார்க்கும்போது மட்டும் திறக்கும்.

கருவிகள் மொத்தம் எட்டு. கொரோனா என்ற சூரியனின் வெளிவளிமண்டலத்தைத் தொடர்ந்து படமெடுக்க ஒன்று. எக்ஸ் கதிரில் பார்க்க இரண்டு. புற ஊதாக் கதிருக்கு மூன்று. சிவப்பு ஹைட்ரஜன் ஒளியில் குறிபார்த்துக் கொடுக்க இரண்டு. எக்ஸ் கதிரையும் தொலைப் புற ஊதாவையும் நம் காற்று மண்டலம் தடுத்துவிடுகிறது. உயிர் பிழைக்க நமக்கு அது நல்லது. கொரோனாவைப் படிக்க வேண்டியவர்களுக்கோ பெரிய தடை, ஏனென்றால் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் அந்தப் பகுதி அதிகமாக வெளியிடுவது அந்தக் கதிர்களைத்தான். தரையிலிருந்து கொரோனாவை முழுசாகப் பார்க்கக் கிரகணத்துக்குக் காத்திருக்க வேண்டும். கிடைப்பதோ சில நிமிடம். ஸ்கைலாபில் மாதக்கணக்கில் பார்த்தார்கள்.

இந்தக் கருவிகளை இயக்கும் பலகை உள்ளே, வீட்டுக்கும் தொலைநோக்கிக்கும் இடையே இருந்த இணைப்புப் பகுதியில் இருந்தது. ஒரு சுற்று 93 நிமிடம். பகலாக இருக்கும் நேரமெல்லாம் ஒருவர் பலகையின் முன்னால் இருப்பார். இரண்டு தொலைக்காட்சித் திரைகளில் சூரியன் தெரியும். எந்தப் புள்ளி கனன்று வருகிறது, எந்தக் கருவியை எங்கே திருப்புவது, எப்போது வேகமாகப் படமெடுப்பது என்று தரையிலிருந்து காலையில் பட்டியல் வரும். ஆனால் சூரியன் பட்டியல் பார்த்து நடப்பதில்லை.

சுத்தியலும் திருப்புளியும்

"எல்லாம் ஆட்டோமேட்டிக்கா செய்யலாமே, ஆளு எதுக்கு?" பெரியப்பா என் சந்தேகத்தையே கேட்டார்.

முதல் பதில், பிலிம். டிஜிட்டல் கேமராவில் இன்று இருக்கும் உணர்சில்லு அப்போது கிடையாது. நுணுக்கமான படம் வேண்டுமென்றால் பிலிமில்தான். எடுத்த பிலிமைக் கழுவப் பூமிக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு யாராவது விண்வெளி உடை போட்டு வெளியே போய், கைப்பிடிகளைப் பிடித்தபடி உச்சிக்கு ஏறி, பிலிம் பெட்டிகளைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். அடுத்தடுத்துப் போன மூன்று குழுக்களும் சேர்ந்து கொண்டுவந்த சூரியப் படங்கள் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல்.

இரண்டாவது பதில், ரிப்பேர். 1973 ஜூன் 19 அன்று பிலிம் எடுக்க வெளியே போன கான்ராட், கையில் ஒரு சுத்தியலும் கொண்டுபோனார். தொலைநோக்கிப் பகுதியில் இருந்த மின்கல ஏற்றிகளில் ஒன்று வேலை செய்யவில்லை. உள்ளே ரிலே ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது தரையில் இருந்த பொறியாளர்களின் ஊகம். எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று சொன்னார்கள், கான்ராட் தட்டினார், மின்கலம் ஏறத் தொடங்கியது.

பெரியப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ரிலே ஒட்டிக்கிட்டா வேற என்ன செய்வாங்க? நாங்க எத்தனை தடவை தட்டியிருக்கோம்! ஆனா எங்க தட்டணும்னு தெரியணும்," என்றார். எந்த இடத்தில், எவ்வளவு பலமாக, பெட்டி நசுங்காமல் எப்படித் தட்டுவது என்று ஒரு விளக்கமும் நடந்தது. பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் தமிழ் தெரியாமலே அவர் கையசைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படி நிறைய நடந்தது. கருவிகளின் கதவுகள் சிக்கிக்கொண்டபோது போய்த் திறந்துவைத்தார்கள். கொரோனாவைப் பார்க்கும் கருவியில் சூரிய வட்டத்தை மறைக்கும் தகட்டின் மேல் ஒட்டிய தூசைத் தூரிகையால் தட்டிவிட்டார்கள். சூரியனை மறைத்துவிட்டு அதன் ஓரத்து மங்கல் ஒளியைப் பார்க்கும் கருவிக்கு ஒரு நூல் பிசிறு போதும், படமே கெட்டுவிடும். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியில் நின்றுபோன வடிகட்டிச் சக்கரத்தை மூன்றாம் குழுவினர் திருப்புளியால் நகர்த்தினார்கள். தடித்த கையுறையோடு, கண்ணாடியும் டார்ச் விளக்கும் வைத்துக்கொண்டு.

மூன்றாவது பதிலுக்கு ஒரு பெயர் உண்டு: எட்வர்ட் கிப்சன். சூரியனைப் பற்றிப் பாடநூல் எழுதிய இயற்பியலாளர். மூன்றாம் குழுவில் ஜெரால்ட் கார், வில்லியம் போக் இருவரோடு 1973 நவம்பர் 16 முதல் 1974 பிப்ரவரி 8 வரை, 84 நாள் இருந்தார். சூரியப் பிழம்பு வெடிப்பதைத் தொடக்கத்திலிருந்தே படமாக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் ஆசை. வெடித்த பிறகு கருவியைத் திருப்பினால் தொடக்கம் போய்விடும். முன்னாடியே பிலிமை ஓடவிட்டால், வெடிக்காவிட்டால் பிலிம் வீண். கிப்சன் ஒரு பகுதியைத் திரையில் விடாமல் கவனித்து, அதன் போக்கைப் பார்த்து முடிவெடுத்தார். 1974 ஜனவரி 21 அன்று ஒரு பிழம்பு பிறப்பதிலிருந்து பதிவானது. விண்வெளியிலிருந்து அப்படிப் பதிவானது அதுவே முதல்முறை.

அந்தக் குழுவினர் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று ஒரு கதை இன்னும் உலவுகிறது. அவர்கள் அதை மறுத்தார்கள். நடந்தது வேறு. தரையில் இருந்தவர்கள் நிமிடத்துக்கு நிமிடம் வேலை அடுக்கினார்கள், மூச்சுவிட நேரமில்லை, பிழைகள் வந்தன. டிசம்பர் 30 அன்று இரு தரப்பும் மனம் விட்டுப் பேசி அட்டவணையைத் தளர்த்தினார்கள். பிழம்பு பிடிபட்டது அதற்கு மூன்று வாரம் கழித்து. தளர்த்தியதால்தான் பிடிபட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் காத்திருந்து பார்ப்பதற்கு அவகாசம் வேண்டும். பட்டியலில் டிக் அடிக்கவே நேரம் போதாதவருக்கு அந்த அவகாசம் எங்கிருந்து வரும்?

அதே டிசம்பரில் கோஹூடெக் வால்மீன் சூரியனைச் சுற்றித் திரும்பியது. தரையில் இருந்தவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு அது பிரகாசிக்கவில்லை, பத்திரிகைகள் கைவிட்டுவிட்டன. ஆனால் சூரியனுக்கு மிக அருகே போனபோது, பூமியில் வெயில் மறைத்துவிட்ட அந்த நாட்களில், ஸ்கைலாபில் இருந்தவர்கள் விண்நடையின்போது கண்ணாலேயே பார்த்தார்கள். சூரியனை நோக்கி ஓர் ஈட்டிமுனை நீண்டிருந்ததைக் கிப்சன் பென்சிலால் வரைந்து வைத்தார்.

அவர்கள் தனியாகவும் இல்லை. டிசம்பர் 18 முதல் 26 வரை சோவியத் நாட்டின் சோயுஸ் 13 கலத்தில் பியோதர் கிளிமுக், வாலண்டின் லெபெதேவ் இருவரும் பூமியைச் சுற்றினார்கள். வேறு கலத்தோடு சேருவதற்கான இணைப்பு அமைப்பு இருக்க வேண்டிய மூக்குப் பகுதியில், ஆர்மீனிய விஞ்ஞானி கிரிகோர் குர்ஸாதியான் வடிவமைத்த ஓரியன் 2 தொலைநோக்கியைப் பொருத்தியிருந்தார்கள். விண்மீன்களின் புற ஊதா நிறமாலையைப் பதிவு செய்வது அவர்கள் வேலை. அதுவும் பிலிம்தான். அமெரிக்கர்களும் சோவியத்தினரும் ஒரே நேரத்தில் விண்வெளியில் இருந்தது அதுவே முதல்முறை. இரண்டு கலங்களிலும் தொலைநோக்கி, இரண்டிலும் அதை இயக்க ஆட்கள். ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

கிடைத்ததும் போனதும்

ஸ்கைலாப் படங்கள் சூரியனைப் பற்றிய பேச்சையே மாற்றின. எக்ஸ் கதிரில் பார்த்தால் கொரோனா ஒரே சீரான ஒளிப்போர்வை அல்ல. காந்த வளையங்களும் அவற்றுக்கிடையே கருந்திட்டுகளுமாக இருக்கிறது. கொரோனாத் துளைகள் எனப்படும் அந்தக் கருந்திட்டுகளிலிருந்துதான் வேகமான சூரியக் காற்று கிளம்புகிறது என்பது ஸ்கைலாப் காலத்தில் உறுதிப்பட்டது. பூமியில் சுமார் 27 நாளுக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வரும் காந்தக் கலக்கங்களுக்குக் காரணம் கிடைத்தது, சூரியன் தன்னைச் சுற்றிக்கொண்டு அதே துளையை மறுபடி நம் பக்கம் காட்டும் கால அளவு அது. சூரியன் கோடிக்கணக்கான டன் பொருளை வீசியெறியும் கொரோனா வெடிப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவாயின. எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் ரிக்கார்டோ ஜியாக்கோனி. எக்ஸ் கதிர் வானியலுக்காக 2002-இல் நோபல் பரிசு பெற்றவர்.

மூன்றாம் குழு திரும்பியபின் வீடு காலியானது. விண்ணோடம் தயாரானதும் போய் இன்னும் உயரத்துக்குத் தள்ளிவிடலாம் என்று நினைத்தார்கள். விண்ணோடம் தாமதமானது, அது முதலில் பறந்ததே 1981 ஏப்ரலில்தான். அதற்குள் சூரியன் எதிர்பார்த்ததைவிட உக்கிரமானது. சூரியன் உக்கிரமானால் பூமியின் மேல் வளிமண்டலம் சூடேறி வீங்கும். தாழ்வாகச் சுற்றும் கலங்களில் காற்று உரசும், அவை இறங்கும். 171 நாள் ஆட்கள் குடியிருந்து சூரியனைப் படித்த கலத்தைச் சூரியனே கீழே இழுத்துவிட்டது. 1979 ஜூலை 11 அன்று அது உடைந்து இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறியது. யாருக்கும் காயமில்லை. குப்பை போட்டதற்காக எஸ்பெரன்ஸ் ஊராட்சி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் எழுதியது என்றபோது பெரியப்பா சிரித்த சிரிப்புக்கு, டிஸ்கவரி பக்கம் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

டிஸ்கவரியும் இந்தக் கதையின் தொடர்ச்சிதான். 1990 ஏப்ரலில் ஹபிள் தொலைநோக்கியைக் கொண்டுபோனது இந்த விண்ணோடமே. ஹபிளில் யாரும் குடியிருக்கவில்லை. ஆனால் அதன் கண் மங்கலாக இருந்தபோது, 1993 டிசம்பரில், எண்டெவர் விண்ணோடத்தில் போய்ச் சரிசெய்தார்கள். 2009 வரை ஐந்து தடவை ஆட்கள் போய்ப் பழுது பார்த்தார்கள். அதில் இரண்டு தடவை டிஸ்கவரியில்தான். ஸ்கைலாபில் கற்றதன் திருத்திய வடிவம் அது: தொலைநோக்கியோடு மனிதன் குடியிருக்க வேண்டாம், தேவைப்படும்போது போனால் போதும்.

இப்போது அதுவும் இல்லை. தென்காசி மாவட்டம் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய ஆளில்லாத சூரிய ஆய்வுக் கலம் ஆதித்யா எல்-1, 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6 அன்று 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய் நின்றது. அதில் இருக்கும் முதன்மைக் கருவி, ஸ்கைலாபில் தூரிகையால் துடைத்த கருவி செய்த வேலையையே செய்கிறது: சூரிய வட்டத்தை மறைத்து, கொரோனாவைப் பார்ப்பது. அங்கே நூல் பிசிறு ஒட்டினால் துடைக்க யாரும் போக முடியாது. அதனால்தான் இந்திய வான் இயற்பியல் மையம் அந்தக் கருவியைப் பெங்களூரை அடுத்த ஹோஸ்கோட்டேயில் தூசு அண்டாத அறையில் வைத்துக் கோத்தது.

மனிதன் எதற்கு என்று கேட்டுக்கொண்டு போன எனக்குக் கிடைத்த பதில் இதுதான். ஸ்கைலாபில் பிலிம் மாற்றிய கை இப்போது வேண்டாம். அந்த வேலையை உணர்சில்லும் வானொலியும் பார்த்துக்கொள்கின்றன. தூசு தட்டிய கை இன்னும் வேண்டும். கிளம்புவதற்கு முன்பே, தரையிலேயே, பத்து மடங்கு கவனத்தோடு வேண்டும். எந்தப் பிழம்புக்காகக் காத்திருப்பது என்று முடிவெடுத்த கிப்சனின் வேலையை ஓரளவுக்குக் கணினிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டோம். சூரியனில் எது கவனிக்கத் தக்கது என்று அந்தக் கணினிக்குச் சொல்லித்தர நமக்குத் தெரிந்ததே, 1973-இல் மூன்று மூன்று பேராகப் போய் ஒரு பலகையின் முன்னால் உட்கார்ந்து பார்த்தவர்கள் கொண்டுவந்த பிலிம் சுருள்களையும் பார்த்துத்தான்.